சாக்குக் கலர் கிறிஸ்மஸ்

கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலைல, சர்ச்சுல ஆராதனை நடந்துட்டிருந்தப்ப, நான் மட்டும் பின்னாடி உள்ள சாப்பாட்டு ஹால்ல முட்டி போட்டு உக்காந்திருந்தேன். ஜெபம் பண்ண இல்ல. மேசை மேல இருந்த ஒரு தேங்காச் சிரட்டையை அரை இஞ்ச் இடது பக்கம் நகத்த.

நகத்திட்டு, பின்னால போயி, ஒத்தக் கண்ணை மூடிப் பாத்தேன். திரும்ப வந்து அதே அரை இஞ்ச் வலது பக்கம் நகத்தினேன். அந்தப் பக்கம் சபையே எழுந்து நின்னு பாடுது. இந்தப் பக்கம் நான் சிரட்டையோட மல்லுக்கட்டுறேன்.

ஹால்ல நாலு வரிசை நீள மேசை. ஒவ்வொரு வரிசை நடுவுலயும் ஒரு சாக்குத் துணி ஓடுது. அதுக்கு மேல தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கின சிரட்டை, சிரட்டைக்குள்ள வெள்ளை மெழுகுவத்தி, சுத்தி காஞ்ச நாணல் பூ, கொஞ்சம் கயிறு, பாக்கு மட்டைல வெட்டின சின்னச் சின்ன இலை. சிவப்பு இல்ல. பச்சை இல்ல. தங்கக் கலர் இல்லவே இல்ல. எல்லாம் மணல் கலர், சந்தனக் கலர், பால் சாயாக் கலர். ஜன்னல் வழியா வெயில் வந்து அது மேல விழுந்தப்ப, சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் திறமையைப் பாத்து நானே கலங்குறது எனக்கு அப்பப்ப வர்ற வியாதி.

அப்பதான் ஸ்டீபன் அண்ணன் உள்ள வந்தாரு. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, எங்க சபையில சாப்பாடுன்னா பந்தி அவர் பொறுப்பு. தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு கட்டு வாழை இலை.

"மக்ளே, பெருக்குறதுக்கு ஆளு வரலியா?"

"எதுக்கு அண்ணா?"

"இல்ல, மேசை மேல மொத்தம் குப்பை கெடக்குதே. தேங்கா உடைச்சவன் அப்படியே இட்டுட்டுப் போயிட்டான் போல."

"அண்ணா, அது சென்டர்பீஸ்."

அவர் என்னைப் பாத்தாரு. சென்டர்பீஸைப் பாத்தாரு. திரும்ப என்னைப் பாத்தாரு.

"ஓ. செரி. படிச்ச பிள்ளைல்லா நீ."

ஜிகினாவுல வளந்த பிள்ளை

போன வாரம் நான் டிரைவிங் டெஸ்ட்ல எட்டு போடப் போயி கம்பியோட சேந்து விழுந்த கதையைப் படிச்சிட்டு, "உனக்கு இனிமே அசிங்கப்பட என்ன மிச்சம் இருக்கு"ன்னு ஒரு வாசக அக்கா கேட்டிருந்தாங்க. அக்கா, ஒரு சாயா எடுத்துட்டு வந்து உக்காருங்க. இருக்கு.

இதைப் புரிஞ்சுக்கணும்னா எங்க அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு தெரியணும். அவருக்கு சாலைல கடை. சாலைன்னா ரோடு இல்ல, எங்க திருவனந்தபுரத்துல கோட்டைக்குப் பக்கத்துல உள்ள பழைய பஜாரு. மார்த்தாண்டத்துல இருந்து இளவட்ட வயசுல வந்தவர் அங்க ஒரு சந்துக்குள்ள கடை போட்டாரு. மத்த மாசமெல்லாம் பிளாஸ்டிக் பூ, பர்த்டே தொப்பி, பலூன். நவம்பர் பாதில இருந்து கிறிஸ்மஸ் சாமான். பேப்பர் ஸ்டாரு, எல்.இ.டி ஸ்டாரு, மின்னுற தோரணம், மணி, செயற்கை மரம், பஞ்சு தாடி. மொத்த வியாபாரம்.

அதாவது சிவப்பும் பச்சையும் தங்கமும் வித்துதான் என்னை வளத்தாங்க. டிசம்பர்ல எங்க வீட்டுத் தலகாணில ஜிகினா, சோப்புல ஜிகினா, தோசைல ஜிகினா. ஸ்கூல்ல ஒரு டீச்சர் எங்கிட்ட, "எந்தா மோளே, மேக்கப் இட்டிட்டாணோ ஸ்கூளில் வருந்நது?"ன்னு கேட்டாங்க. மேக்கப்பெல்லாம் இல்ல, நான் குளிச்சிட்டுத்தான் போயிருந்தேன். எங்க வீட்ல குளிச்சாதான் அதிகமா ஒட்டும், துண்டுலயும் ஜிகினா.

அப்படி வளந்த பிள்ளை கொச்சிக்குப் போயி டிசைன் படிச்சுது. அங்க முதல் வாரமே ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன்: நியூட்ரல் டோன். கண்ணை உறுத்தாத கலருங்க. கூடப் படிச்ச ஒருத்தி என் பென்சில் பாக்ஸைப் பாத்து, "உன் கலர் பாலெட் ரொம்ப சத்தமா இருக்கே"ன்னா. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து போன்ல வெளிநாட்டுக்காரங்க கிறிஸ்மஸ் மேசையெல்லாம் பாத்தேன். வெளிய பனி, உள்ள வெள்ளைத் துணி, காஞ்ச புல்லு, மர ஸ்பூன், யாரும் சிரிக்கல. ஆகா, இதான்டா கிளாஸ்னு தோணிச்சு. அவங்க ஊர்ல ஜன்னலுக்கு வெளிய எல்லாமே வெள்ளையா இருக்கு, அதனால உள்ளயும் அப்படி வைக்கிறாங்க. எங்க ஊர்ல ஜன்னலுக்கு வெளிய மஞ்சள் பெயிண்ட் அடிச்ச வீடும், பச்சை வாழையும், நீல தார்ப்பாயும் இருக்குன்னு நான் யோசிக்கவே இல்ல. நான் மாறிட்டேன். லீவுக்கு வந்தப்ப ஹால்ல தொங்குன தோரணத்தைக் காட்டி அம்மாகிட்ட, "இது கொஞ்சம் ஓவரா இல்ல?"ன்னு கேட்டேன்.

அம்மா, "இதுதாண்டி உன் காலேஜ் பீஸு"ன்னாங்க.

அப்பா போட்ட கண்டிஷன்

படிச்சு முடிச்சு வந்து, சொந்தமா டெக்கரேஷன் வேலை பண்ணப் போறேன்னேன். இன்ஸ்டால ஒரு பக்கம் ஆரம்பிச்சேன். பேரு வெச்சேன், லோகோ போட்டேன், விசிட்டிங் கார்டு அடிச்சேன். எல்லாம் பீஜ் கலர்ல வெள்ளை எழுத்து. யாருக்கும் படிக்க முடியல. வேலை ஒண்ணும் வரல.

நவம்பர் கடைசில அப்பா கடையை மூடிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து, ரொம்ப சாதாரணமா ஆரம்பிச்சாரு.

"மக்ளே, சீசன் தொடங்கிருச்சு. கடையில ஆளு போதல."

"அப்பா, நான் என் பிராண்டை வளக்குறேன்."

"வளத்துக்கோ. எவ்வளவு வளந்திருக்கு?"

நான் அப்பளத்தை உடைச்சேன்.

"ஏட்டி, நான் ஒண்ணும் தடுக்கல. இந்தக் கிறிஸ்மஸ் முடியறதுக்குள்ள ஒரே ஒரு ஆளு உன் வேலையைப் பாத்துட்டு, எனக்கும் இது மாதிரி செய்து தான்னு கேக்கணும். கேட்டா நான் இனி வாயத் தொறக்க மாட்டேன். கேக்கலேன்னா ஜனவரில இருந்து நீ கடைக்கு வரணும். சொந்தக்காரங்க கேட்டா கணக்குல வராது."

"இவ்ளோதானா? டன்."

கை குலுக்கினப்ப அவர் கையில ஜிகினா. என் கையிலயும் ஒட்டிக்கிச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. எங்க சபையில சொந்தக்காரங்க இல்லாதவங்க யாரு? ஆர்கன் வாசிக்கிறவர் அம்மாவுக்குச் சித்தப்பா முறை. காணிக்கை எடுக்குறவர் அப்பாவுக்கு மச்சான். ஸ்டீபன் அண்ணனே எனக்கு ஏதோ ஒரு வழியில அண்ணன், அதனாலதான் அண்ணன். வெளி ஆளுன்னா ஒரே ஒரு நம்பிக்கை: கிரேஸ் ஆன்ட்டி. பாஸ்டரம்மாவோட கூடப் படிச்சவங்க, ஆக்குளம் பக்கம் பார்ட்டி ஹால் நடத்துறாங்க. அந்த வருஷம் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு அவங்களை விருந்தாளியா கூப்பிட்டிருந்தாங்க.

உடனே பாஸ்டர்கிட்ட போயி, ஹாலை நான் அலங்காரம் பண்றேன்னு கேட்டேன். அவரும் பாவம், சந்தோஷமா சரின்னுட்டாரு. வழக்கமா அப்பா கடைல இருந்து ஒரு மூட்டை தோரணம் இலவசமா போகும். "இந்த வருஷம் வேண்டாம்பா"ன்னேன். அப்பா மூட்டையை அவுத்துத் திரும்ப அலமாரில அடுக்கினாரு. அதைப் பாக்கக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம்.

எத்தனை பசு உண்டு?

சாமான் வாங்கக் காசில்ல. அதனால "நம்ம மண்ணுல கெடைக்கிறது மட்டும்"னு அதுக்கு ஒரு கொள்கை வெச்சுக்கிட்டேன்.

என் சித்தி பையன் அஜின் எனக்கு அசிஸ்டென்ட். பாலிடெக்னிக் படிக்கிறான், எதையும் மதிக்க மாட்டான். அவனைக் கூட்டிட்டு விடியக்காலைல கரமனை ஆத்தங்கரைக்கு நாணல் வெட்டப் போனேன்.

"எக்கா, யாராவது கண்டா நாம மாட்டுக்குப் புல்லறுக்குறோம்னு நெனப்பாங்க."

"நெனச்சிட்டுப் போறாங்க. இது ஆர்ட்டு."

வாக்கிங் வந்த ஒரு அங்கிள் நின்னு, ரொம்ப அக்கறையாக் கேட்டாரு: "எத்ர பசு உண்டு மோளே?"

"ஒண்ணு"ன்னு அஜினைக் காட்டினேன். அவன் ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. நல்ல அமைதியான ரெண்டு நாள்.

சிரட்டையும் பாக்கு மட்டையும் தெருவுல கெடைச்சுது. மேசைல விரிக்க ஓட்டைச் சாக்கு மட்டும் சாலைல ஒரு மளிகை மண்டில கேட்டு வாங்கினேன். "எதுக்கு?"ன்னாரு மண்டிக்காரர். "கிறிஸ்மஸ் மேசைக்கு"ன்னேன். "அப்பா கடை நஷ்டமா மக்ளே?"ன்னு ரகசியமாக் கேட்டாரு.

சாக்கை வெட்டி, ஓரத்துல நூல் உருவி, அயர்ன் பண்ணினேன். அயர்ன் பண்றப்ப லேசா மூக்கு எரிஞ்சுது. ஆர்வத்துல எரியுதுன்னு நெனச்சேன்.

மேசைக்கு நடுவுன்னு ஒண்ணு கெடையாது

இனி ஹாலுக்குத் திரும்புவோம். ஸ்டீபன் அண்ணன் இலைக் கட்டோட நிக்கிறாரு இல்லையா, அங்க.

அவருக்கும் எனக்கும் முதல் நாளே ஒரு சண்டை நடந்திருந்துச்சு. எங்க பந்தில மேசை மேல வெள்ளைப் பேப்பர் ரோல் விரிச்சு, அதுக்கு மேல இலை போடுவாங்க. பேப்பர் என் லுக்கைக் கெடுக்கும், மரம் தெரியணும்னு நான் சொன்னேன். பேப்பர் இல்லேன்னா பந்தி இல்லன்னு அவர் சொன்னாரு. கடைசில ஒத்துப்போனோம்: கீழ பேப்பர், அதுக்கு மேல என் சாக்கு, சாக்கு மேல சென்டர்பீஸ். சென்டர்பீஸ்னா என்னன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. பெரிய ராஜதந்திரின்னு எனக்கே என்னைப் பத்தி நெனப்பு.

இப்ப அவர் இலை போட ஆரம்பிச்சாரு. மேசையோட ரெண்டு பக்கமும் ஆளு உக்காருவாங்க. இந்தப் பக்கம் ஒரு இலை, அந்தப் பக்கம் ஒரு இலை. முடிஞ்சுது. நடுவுன்னு ஒண்ணு மிச்சமே இல்ல. எல்லா இலையோட ஓரமும் என் நாணல் மேல ஏறி நின்னுச்சு.

"அண்ணா, சின்ன இலை இல்லியா?"

"கிறிஸ்மஸுக்கா?"

நான் இலைக்கு அடியில மாட்டின நாணலை ஒவ்வொண்ணா உருவி நிமித்தி வெச்சேன்.

ஆராதனை முடிஞ்சு முதல் பந்தி உக்காந்துச்சு. எங்க சபை வழக்கம், முதல்ல சின்னப் பிள்ளைங்களும் வயசானவங்களும். பாஸ்டர் வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுத்து முடிச்சு, விருந்தாளியோட ரெண்டாவது பந்திலதான் உக்காருவாரு. ஆனா ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கி வைக்க மட்டும் ஒரு நிமிஷம் உள்ள வந்தாரு. எல்லாரும் கண்ணை மூடினாங்க. ஃபேன் ஃபுல்லா ஓடுது.

"பரலோகப் பிதாவே..."ன்னு பாஸ்டர் தொடங்கினதும் ஒரு தும்மல்.

"இந்த ஆகாரத்துக்காக..." ரெண்டு தும்மல்.

அப்புறம் வரிசையா, ஒரு முனைல இருந்து மறு முனைக்கு. ஜெபத்தை விட தும்மல் அதிகம். பாஸ்டரே ஆமென்ல பாதி சொல்லி மீதியைத் தும்மினாரு.

அஜின் குனிஞ்சு சாக்கை மோந்து பாத்தான். "எக்கா, இது வத்தல் மிளகாய் சாக்கு."

"சும்மா இரு. டிசம்பர் குளிரு."

"எந்தக் குளிரு? எனக்கு வேர்க்குது."

அந்த நேரம் பாத்து என் போன் அடிச்சுது. கிரேஸ் ஆன்ட்டி. காரை எங்க நிறுத்தணும்னு கேட்டாங்க. நான் ஹாலை விட்டு ஓடினேன்.

கேட்டுல இருந்து ஹால் வரைக்கும் அவங்களை நான் நேரா கூட்டிட்டு வரல. சர்ச்சைச் சுத்திக் காட்டினேன், கெணத்தைக் காட்டினேன். நடுநடுவுல என் ஃபிலாசஃபியை எடுத்து விட்டேன். கலர்ங்கிறது ஒரு சத்தம் ஆன்ட்டி. கண்ணுக்கும் ஓய்வு வேணும் ஆன்ட்டி. நான் மேசையை அலங்கரிக்கிறது இல்ல ஆன்ட்டி, மேசையைப் பேச விடுறேன். அவங்க "ம்ம், ம்ம்"னு பசியோட கேட்டுட்டே வந்தாங்க.

நான் பிறந்ததுல இருந்து அந்த ஹால்ல சாப்பிடுறேன். எத்தனை கல்யாணம், எத்தனை கிறிஸ்மஸ். ஆனா சாப்பிட்டு எழுந்ததும் நேரா கை கழுவப் போயிருவேன். எனக்குப் பின்னாடி அந்த மேசைக்கு என்ன நடக்குதுன்னு ஒரு தடவை கூடத் திரும்பிப் பாத்தது இல்ல.

என்ன நடக்கும்னா, பேப்பரை ஒரு முனைல ரெண்டு பேர் பிடிச்சு, பாயைச் சுருட்டுற மாதிரி மறு முனை வரைக்கும் சுருட்டிருவாங்க. இலை, எலும்பு, மிச்சச் சோறு, எல்லாம் உள்ள. பேப்பர் மேல என்னென்ன இருக்கோ, அத்தனையும் உள்ள.

மினிமலிசம்

கதவைத் திறந்து, "இதுதான் ஆன்ட்டி"ன்னு கையை வீசிக் காட்டினேன்.

நாலு வரிசை மேசை. பளிச்சுன்னு புது வெள்ளைப் பேப்பர். வேற ஒண்ணும் இல்ல.

அஜின் ஓடி வந்து காதுல சொன்னான்: "எக்கா, போச்சு. நான் கத்தினேன், கேக்கல. சுருட்டிட்டாங்க."

ஸ்டீபன் அண்ணன் அந்தப் பக்கம் துண்டால கையைத் துடைச்சிட்டு ரொம்ப நல்ல மனசோட சொன்னாரு: "மக்ளே, வேணும்னா பின்னாடி டிரம்முல இருக்கு, எடுத்துக்கோ. மேல கொஞ்சம் பாயசம் வீந்திருக்கு."

கிரேஸ் ஆன்ட்டி மேசையை மேலயும் கீழயும் பாத்தாங்க. "டெக்கரேஷன் எங்க மோளே?"

என் வாய்க்கு என்னைக் கேட்டுப் பேசுற பழக்கம் கெடையாது. அது தானாச் சொல்லிச்சு: "இதான் ஆன்ட்டி. மினிமலிசம்."

அஜின் திரும்பி நின்னு சுவத்தைப் பாத்து இருமினான்.

"ஓ"ன்னாங்க ஆன்ட்டி. உக்காந்தாங்க. சோறு வந்துச்சு, ஆட்டுக்கறி வந்துச்சு. நான் அவங்க பக்கத்துலயே நின்னு, கேக்காமலே கறி போட்டு, தண்ணி ஊத்தி, பரிதாபமா சிரிச்சிட்டிருந்தேன். கை கழுவிட்டு வந்து அவங்களே எங்கிட்ட வந்தாங்க. 

"மோளே, ஜனவரில எங்க ஹால்ல ஒரு குட்டிப் பிள்ளையோட பர்த்டே இருக்கு. யூனிகார்ன் தீம். நல்லா மின்னணும்னு சொல்றாங்க."

"பண்ணிரலாம் ஆன்ட்டி!" கொள்கையெல்லாம் அந்த நொடியே காத்துல விட்டாச்சு.

"அதில்ல. உன் அப்பா கடை நம்பர் ஒண்ணு குடேன்."

ஆக, கிறிஸ்மஸ் முடியறதுக்குள்ள என் வேலையைப் பாத்து ஒரு ஆர்டர் வந்துச்சு. அப்பாவுக்கு.

அப்பா ரெண்டு இலை தள்ளி உக்காந்து ரசம் குடிச்சிட்டிருந்தாரு. எல்லாம் கேட்டாரு. சிரிக்கல. சிரிச்சிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன். "சாப்பிட்டியா மக்ளே?"ன்னு மட்டும் கேட்டாரு.

தப்பிச்ச ஒண்ணு

நான் சாப்பிடல. கை கழுவுற பைப்புக்குப் பக்கத்துல ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தேன். ஜனவரி முழுக்கப் பஞ்சு தாடி எண்ணி வைக்கிற என் எதிர்காலம் கண்ணு முன்னாடி ஓடிட்டிருந்துச்சு.

அப்ப ஒருத்தர் வந்து என் முன்னாடி நின்னாரு. அறுபது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பேரு டேனியல். பாரசாலைக்கு அந்தப் பக்கம் ஊர்ல இருந்து நேமத்துல உள்ள மக வீட்டுக்கு வந்திருக்காரு, சபைக்குப் புதுசு, அவ்ளோதான் எனக்குத் தெரியும். முதல் பந்தில சாப்பிட்டவர் இன்னும் போகல. இடது கையில என்னமோ தூக்கிப் பிடிச்சிருந்தாரு, தண்ணி தெறிக்காம.

என் சென்டர்பீஸ். சிரட்டை, மெழுகுவத்தி, நாணல். ஒண்ணும் ஒடியல.

"மக்ளே, இது உனக்குள்ளதுதானே? கறி வாளி வைக்க இடமில்லன்னு பரிமாறின பையன் சொன்னான். எடுத்து மடியில வெச்சேன். அப்புறம் பாத்தா எல்லாத்தையும் சுருட்டிட்டாங்க."

"பரவால்ல மாமா. தூரப் போட்டிருங்க."

அவர் போடல. சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"என் வீட்டுக்காரி ஓணத்துக்கு முன்னாடி போயிட்டா."

நான் பக்கெட்டுல இருந்து எழுந்து நின்னேன். 

"மக வீட்ல இந்த வருஷம் ஸ்டாரு கெட்டல. கெட்ட மாட்டோம்லா." எங்க பக்கம் அப்படித்தான். சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் தொங்காது. தெருவுல எல்லா வீடும் மின்னுறப்ப இருட்டா ஒரு வாசல் இருந்தா, கேக்க வேண்டியதில்ல, தெரியும். "பேரப்பிள்ளைக ரெண்டும் ஒரே அழுகை. ஒண்ணு கெட்டலாம்னா மகளுக்கு மனசு வரல. ராத்திரி எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடணும். மேசை வெறுமனே கெடக்கு. வெறுமனே கெடந்தா எல்லாருமா அவ நாற்காலியைத்தான் பாக்குறோம்."

பைப்புல தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. அவர் போயி அதை இறுக்கி மூடிட்டு வந்தாரு.

"இது கெட்டின மாதிரியும் இருக்கு, கெட்டாத மாதிரியும் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேசை நெறைய இது மாதிரி செய்து தருவியா?"

முறை பாத்த கதை

வீட்டு மொட்டை மாடில மிச்சம் கொஞ்சம் நாணல் கெடந்துச்சு. சாக்கு வேண்டாம்னு முடிவு பண்ணி, அம்மாவோட ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துப்பட்டாவை எடுத்துக்கிட்டேன். அப்பாவே ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனாரு. எனக்காகன்னு நெனச்சீங்கன்னா நீங்க எங்க அப்பாவைப் பாத்ததில்ல. கண்டிஷன் ஒழுங்கா நிறைவேறுதான்னு செக் பண்ண.

டிசம்பர்ல யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கையில ஒரு ஸ்டார் இருக்கும். பழக்க தோஷம். அன்னைக்கும் ஸ்கூட்டர் நிறுத்தினதும் சீட்டைத் தூக்கி ஒண்ணை எடுத்தாரு. அப்புறம் அந்த வாசலைப் பாத்தாரு. ரெண்டு பக்கத்து வீட்லயும் அவர் கடைச் சரக்கு விட்டு விட்டு எரியுது. நடுவுல இந்த வீடு மட்டும் சாதாரண பல்போட. ஸ்டாரைத் திரும்ப உள்ள வெச்சு, சீட்டைச் சத்தம் வராம அமுக்கி மூடினாரு.

நான் மேசையில வேலை பாத்தேன். சின்ன மேசை, ஆறு நாற்காலி. இலையெல்லாம் வராது, தட்டுதான், அதனால நடுவுன்னு ஒண்ணு உண்மையிலேயே இருந்துச்சு. பிள்ளைங்க ரெண்டும் வந்து நாணல் எடுத்துக் குடுத்துச்சு. தாத்தா கொண்டு வந்த சிரட்டையை நட்டநடுவுல வெச்சேன்.

முன் அறையில அப்பா விசாரணையை ஆரம்பிச்சிருந்தாரு.

"உங்க அப்பாவுக்கு ஊரு எது?"

"களியிக்காவிளை."

"அங்க நேசமணின்னு ஒருத்தர் செங்கல் சூளை வெச்சிருந்தாரே, அவரு..."

"தெரியாது."

"அம்மா வழியில மார்த்தாண்டத்துல யாராவது?"

"இல்லியே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

மூணு தலைமுறை தோண்டினாரு. ஒரு ஒட்டும் கெடைக்கல. எனக்கு உள்ள இருந்து கேட்டுட்டே இருக்கு, ஒவ்வொரு "இல்லியே"க்கும் ஒரு ஆமென் போட்டேன்.

டேனியல் மாமாவோட மக அடுக்களைல இருந்து வந்து மேசையைப் பாத்தாங்க. நான் பழக்கத்துல பாலெட், டெக்ஸ்சர்னு வாயைத் திறந்தேன். அவங்க முகத்தைப் பாத்து மூடிட்டேன்.  அவங்க போயி தட்டு எடுத்துட்டு வந்து சிரட்டையைச் சுத்தி ஒவ்வொண்ணா வெச்சாங்க. சின்னவன் மெழுகுவத்தி கொளுத்தட்டான்னு கேட்டான். "கொளுத்து"ன்னாங்க.

திரும்பி வர்ற வழில, கரமனைப் பாலத்துல டிராஃபிக்ல நின்னப்ப, அப்பா திரும்பாமலே சொன்னாரு.

"இத்தனை வருஷம் கடை நடத்துறேன். சாவு விழுந்த வீட்டுக்காரங்க டிசம்பர்ல என் கடைப் பக்கம் வந்ததே இல்ல மக்ளே. அவங்களுக்கும் கிறிஸ்மஸ் வரும்லான்னு நான் நெனச்சுப் பாத்ததும் இல்ல."

"அப்ப நான் ஜெயிச்சேனா?"

"ஜெயிச்ச."

"கடைக்கு வர வேண்டாமே?"

"வர வேண்டாம்." சிக்னல் விழுந்து பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. "ஆனா படிக்கட்டுக்குக் கீழ ஒரு அலமாரி சும்மா கெடக்கு. வேணும்னா உன் குப்பையை அங்க வெச்சுக்கோ."

அப்படித்தான், கடைக்குப் போகாம இருக்குறதுக்காக இவ்வளவு பாடுபட்ட நான், ஜெயிச்ச கையோட கடைக்குப் போயி உக்காந்தேன். இப்பவும் நவம்பர் பாதில இருந்து அங்கதான். முன்னாடி பூராவும் அப்பாவோட சிவப்பும் தங்கமும் கண்ணு கூசுற மாதிரி மின்னும். பின்னாடி படிக்கட்டுக்குக் கீழ, என் சாக்குக் கலர் சாம்ராஜ்யம்.

பெரிய கூட்டமெல்லாம் வராது. எப்பவாவது ஒருத்தர் தனியா வருவாங்க. ஸ்டாரையெல்லாம் பாக்காம, தோரணத்துக்குக் கீழ தலையைக் குனிஞ்சு உள்ள வந்து, ஒரு சிரட்டையைக் கையில எடுப்பாங்க. கொஞ்ச நேரம் வெச்சுப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேப்பாங்க: "இந்த வருஷம் இதை வீட்ல வெச்சா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"சொல்ல மாட்டாங்க"ன்னு சொல்வேன். "நெறைய பேருக்கு இது அலங்காரம்னே தெரியாது."